மின்வண்டிகளும் சாலை மராமத்தும்

(இயற்பியல் முதுகலை மாணவர் ஒருவர், பாலகாட், கோலார் தங்கவயல்)

மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் நம் நாட்டில் பெருகி வருகின்றன. 2024-25-ஆம் ஆண்டில் மட்டும் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின. அவ்வாண்டில் புதிதாகச் சாலைக்கு வந்த வண்டிகளில் இவை நூற்றுக்கு ஏழெட்டு எனலாம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்ஸ்கூட்டர் செய்யும் பெரிய ஆலைகள் 2021 முதல் நடைபெறுகின்றன. புகையில்லை, இரைச்சலில்லை, செலவும் குறைவு என்று இவ்வண்டிகளைப் புகழ்ந்து எழுதியவர் பலர். அவர்கள் கூறியவற்றை மறுப்பது என் நோக்கமன்று. நான் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. பெட்ரோல் பங்குக்கு வராத வண்டி சாலைக்கு என்ன கொடுக்கிறது? சாலையில் குழி விழுந்தால் அதை மூடும் பணம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வி டில்லியிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் கேட்க வேண்டியது, பாலகாட்டில் பிறந்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் எண்ணக்கூடும். வேலை உண்டு. தென்னாட்டில் மின்சாரத்தின் பயனை முதலில் நுகர்ந்த ஊர்களில் எங்கள் தங்கவயல் முன்னிற்பது. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் காவிரி வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் 147 கி.மீ. தூரம் கம்பி வழியே ஓடி வந்து சுரங்கங்களின் எந்திரங்களை இயக்கியது. அன்று உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களில் அது ஒன்று. பெங்களூர் நகரத்துத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். ஆகவே ‘கரண்டு’ எங்களுக்குப் புதிய விருந்தாளி அல்ல. மூன்று தலைமுறையாக வீட்டு மனிதர்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுவே முக்கியமானது. ஒரே ஓர் ஊற்றை நம்பிச் சாலையும் தெருவும் வைத்திருந்தால், அவ்வூற்று வற்றும்போது என்ன ஆகும் என்பதை நூலில் படிக்காமல் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் எங்கள் பாட்டன்மார் சுரங்க வேலைக்கு வந்தார்கள். பாலகாட், நந்திதுர்க்கம், ஊரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் என வரிசையாகச் சுரங்கங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ‘லைன்’ வீடுகள். வீடு, தெரு, குடிநீர், மருத்துவமனை எல்லாமே சுரங்க நிர்வாகத்தின் கையில் இருந்தன. நூறாண்டுக்கு மேல் தோண்டி ஏறத்தாழ 800 டன் பொன் எடுத்த பின்பு, எடுக்கும் பொன்னைவிட எடுக்கும் செலவு மிகுந்துபோய், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் நின்றதும் சம்பளம் நின்றது என்பது எல்லாரும் அறிந்த செய்தி. தெருவைச் செப்பனிடும் கையும் அன்றே நின்றது என்பதை வெளியூரார் அறியார். தெரு அங்கேயே இருந்தது. அதற்குச் செலவு செய்யும் வருவாய்தான் இல்லாமற் போயிற்று. சயனைடு மேடுகளை ஒட்டிச் செல்லும் எங்கள் பாதைகளில் மழைக்காலத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாட்டின் சாலைகளுக்குப் பெட்ரோல் வரி அத்தகையதொரு சுரங்கம். அது நாளையே மூடப்படும் என்று நான் கூறவில்லை. ஆனால் கனிமம் குறையத் தொடங்கிவிட்டது.

பெட்ரோல் வரி சாலைக்கு வந்த கதை

வழியில் செல்வோரிடம் பொருள் பெறுவது தமிழர்க்குப் பழைய வழக்கம். ‘உல்கு’ என்னும் சொல் திருக்குறளிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் உள்ளது. அதைப் பெறாமல் விட்டதற்காக முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான். வரி போட்ட மன்னர் எத்தனையோ பேர். வரியைத் தவிர்த்தவன் பெயரைத்தான் மக்கள் நினைவில் வைத்தார்கள். இக்காலத்து நிதியமைச்சர்களும் இதை நன்கு அறிந்திருப்பர் போலும்.

மோட்டார் வண்டிகள் பெருகிய பின் சுங்கச் சாவடியைவிட எளிய வழி ஒன்று அகப்பட்டது. வண்டி எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு பெட்ரோல் குடிக்கும். பெட்ரோலுக்கு வரி போட்டால் ஓடிய தூரத்துக்கு வரி போட்டது போலவே ஆகும். அளப்பதற்கு ஆளும் வேண்டா, சாவடியும் வேண்டா. அமெரிக்காவில் ஆரகன் மாநிலம் 1919-இல் காலனுக்கு ஒரு சென்ட் வரி விதித்து இதைத் தொடங்கிவைத்தது. நம் நாட்டில் 1927-இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் அமைந்த குழு இவ்வழியையே பரிந்துரைத்தது. 1929 மார்ச்சில் காலனுக்கு 4 அணாவாக இருந்த பெட்ரோல் தீர்வை 6 அணாவாக உயர்ந்தது. கூடுதலான 2 அணா சாலை நிதிக்குச் சென்றது. பிற்காலத்தில் 2000-ஆம் ஆண்டு மத்திய சாலை நிதிச் சட்டம் வந்தது. டீசல் மேல்வரியில் பாதி கிராமச் சாலைகளுக்கு என்று அதில் வகுத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் அந்தப் பணத்தில்தான் கால் ஊன்றியது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோலில் நாம் கொடுக்கும் வரி முழுவதும் சாலைக்குப் போவதில்லை. 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் மத்திய அரசின் தீர்வை லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் சாலை, உள்கட்டுமானத்துக்கான மேல்வரி 5 ரூபாய் மட்டுமே. மாநில விற்பனை வரியோ பொதுக் கருவூலத்தில் விழுகிறது. அதிலிருந்து பள்ளிக்கூடமும் நடக்கும், ஓய்வூதியமும் நடக்கும், சாலையும் நடக்கும். 2022-23-இல் வரி, இலாபப் பங்கு முதலிய எல்லா வகையிலுமாகப் பெட்ரோலியத் துறை மத்திய, மாநில அரசுகளுக்கு அளித்தது 7 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இந்த ஊற்று சுருங்கினால் முதலில் எது வெட்டுப்படும்? சம்பளத்தை நிறுத்த முடியாது. வட்டியை நிறுத்த முடியாது. சாலை மராமத்தை இந்த ஆண்டு வேண்டா, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிவைக்க முடியும். தள்ளிவைக்கக்கூடிய செலவுதான் எப்போதும் தள்ளிவைக்கப்படும்.

ஆட்டோ ஒன்றின் கணக்கு

பெரிய தொகைகள் மனத்தில் நிற்பதில்லை. ஆதலால் சிறிய கணக்கு ஒன்று போடுவோம். என் தாய்மாமன் இராபர்ட்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோ ஒன்று நாளைக்கு 75 கி.மீ. ஓடுவதாகவும் லிட்டருக்கு 25 கி.மீ. கொடுப்பதாகவும் கொள்வோம். நாளைக்கு 3 லிட்டர் பெட்ரோல். 2024 ஜூனில் கர்நாடக அரசு பெட்ரோல் விற்பனை வரியை நூற்றுக்கு 25.92-லிருந்து 29.84-ஆக உயர்த்தியது. அப்போது பெங்களூரில் விலை லிட்டர் ஏறத்தாழ 103 ரூபாய். அதில் மாநில வரி சுமார் 23 ரூபாய் 60 காசு. மத்தியத் தீர்வை 19 ரூபாய் 90 காசு. கூட்டினால் நாற்பத்து மூன்றரை ரூபாய். மூன்று லிட்டருக்கு 130 ரூபாய்! நாள்தோறும் தாம் இத்தனை வரி கொடுக்கிறோம் என்பதை ஆட்டோ ஓட்டுபவர்கள் உணர்வதில்லை. வரி விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

அதே ஆட்டோ மின்சாரத்தால் ஓடினால்? 75 கி.மீ. ஓட ஆறு யூனிட் போதும் எனக் கொள்ளலாம். யூனிட் 6 ரூபாய் என்றால் 36 ரூபாய். கர்நாடகத்தில் மின் நுகர்வு வரி நூற்றுக்கு 9. ஆக வரி மூன்றேகால் ரூபாய். 130 ரூபாய் வந்த இடத்தில் மூன்றேகால் ரூபாய்.

மின்வண்டிகளை ஊக்குவிக்கக் கர்நாடகம் 2016-இல் வாகன வரியையும் முழுமையாகத் தள்ளுபடி செய்தது. 2017-இல் மின்வண்டிகளுக்கென்றே தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலமும் அதுவே. எட்டு ஆண்டுகள் சென்றபின், 2024-இல், 25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மின்கார்களுக்கு நூற்றுக்குப் பத்து ஆயுள் வரி விதித்தார்கள். விலையுயர்ந்த வண்டியிலிருந்து தொடங்கியது நியாயம் என்றே சொல்வேன். ஆயினும் விலை வேறு, சாலைக்கு நேரும் தேய்வு வேறு. இதைப் பின்னர்க் காண்போம்.

இக்கட்டுரைக்காகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது மாமா கேட்டார்: “ஏன்டா மாப்ள, கடன் வாங்கியாவது கரண்டு ஆட்டோ எடுக்கலாம்னு நான் பாக்கறேன். நீ என்னடான்னா அதுக்கும் வரி போடுங்கன்னு எழுதிக் குடுக்கறியா?”

கேள்வி நியாயமானது. மாதத் தவணையில் வண்டி வாங்குபவன், மிஞ்சும் பெட்ரோல் காசை நம்பித்தான் வாங்குகிறான். அந்த மிச்சத்தில் கை வைத்தால் அவன் பழைய வண்டியையே ஓட்டிக்கொண்டிருப்பான். “உங்க வண்டி ரோட்டுக்கு எவ்வளவு கெடுதல் பண்ணுதுன்னு முதல்ல பாத்துட்டுச் சொல்றேன் மாமா” என்று மட்டும் சொல்லி வைத்தேன். அதைப் பார்க்க இயற்பியல் உதவுகிறது.

நான்காம் மடி விதி

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஆட்டவா என்னும் ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெருஞ்சோதனை நடந்தது. தனியே சாலை வட்டங்கள் போட்டு, வெவ்வேறு எடை ஏற்றிய லாரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். எந்த எடைக்கு எத்தனை முறை ஓடினால் சாலை கெடுகிறது என்று அளந்தார்கள். அச்சோதனையிலிருந்து பெறப்பட்ட விதி, பொறியியல் மாணவர்கள் அறிந்ததே: சாலைக்கு நேரும் தேய்வு, அச்சின் மேல் உள்ள எடையின் நான்காம் மடியை ஒட்டி உயர்கிறது. எடை இரு மடங்கானால் தேய்வு பதினாறு மடங்கு. எடை பத்து மடங்கானால் தேய்வு பத்தாயிரம் மடங்கு. இது கல்லில் பொறித்த விதியன்று. மண்ணின் தன்மைக்கும் தாரின் கனத்துக்கும் ஏற்ப மூன்றாம் மடியாகவும் ஐந்தாம் மடியாகவும் மாறக்கூடும். ஆயினும் பொது அளவுக்கு நான்கு என்று கொள்வதே வழக்கம்.

மாமாவின் ஆட்டோவில் மூன்று பேர் ஏறினால் பின்னச்சின் மேல் 500 கிலோ இறங்கும் என்று கொள்வோம். சரக்கு லாரியின் நான்கு டயர் பூட்டிய பின்னச்சுக்குச் சட்டம் அனுமதித்திருந்த எடை 10.2 டன். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 20.4. அதன் நான்காம் மடி ஏறத்தாழ 1 லட்சத்து 73 ஆயிரம். அதாவது, லாரியின் ஓர் அச்சு ஒருமுறை உருண்டு சென்றால் சாலைக்கு நேரும் தேய்வை ஆட்டோவின் பின்னச்சு செய்வதற்கு 1,73,000 முறை செல்ல வேண்டும். ஒரு தெருவில் நாளைக்கு இருபது முறை ஆட்டோ போகிறது என்றால் இதற்கு 23 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். என் வயது அது! நான் பிறந்த நாள் முதல் இன்றுவரை மாமா அந்தத் தெருவிலேயே ஓட்டியிருந்தாலும் ஒரு லாரி அச்சின் ஒரு நிமிட வேலைக்கு ஈடாகாது.

மின்கலத்தின் எடையையும் சேர்க்க வேண்டும் அல்லவா? மின்வண்டிகள் பெட்ரோல் வண்டிகளைவிடக் கனமானவை என்பது உண்மையே. பின்னச்சில் 50 கிலோ கூடியதாக வைத்தால் தேய்வு 46 விழுக்காடு மிகும். அப்போதும் 1,18,000 முறை ஓட வேண்டும். சில நாடுகளில் ‘மின்கார்கள் கனத்தால் சாலையைக் கெடுக்கின்றன’ என்று பெரிதாக எழுதுகிறார்கள். காருக்கும் காருக்கும் ஒப்பிட்டால் அது கணக்குதான். லாரிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே தூசு.

இனி வரியைப் பார்ப்போம். அதே 2024 ஜூன் விலையில் டீசலின் மத்திய, மாநில வரிகள் சேர்ந்து லிட்டருக்கு முப்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. லாரி லிட்டருக்கு 4 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய் வரி. ஆட்டோ கொடுத்தது கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய். லாரி கொடுக்கும் வரி நாலேகால் மடங்கு. செய்யும் தேய்வு லட்சம் மடங்குக்கு மேல். லாரிகள் காலாண்டு வரியும் கொடுக்கின்றன, பெருஞ்சாலைகளில் சுங்கமும் கொடுக்கின்றன. அவற்றைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. ஆகவே பெட்ரோல் வரி எளிய வரியாக இருந்ததே தவிர, நேரிய வரியாக ஒருநாளும் இருந்ததில்லை. இருசக்கர வண்டியில் செல்பவரும் ஆட்டோக்காரரும் லாரியின் பங்கைச் சுமந்து வந்தார்கள். மின்வண்டி வந்ததால் அந்தச் சுமை இறங்கத் தொடங்கியிருக்கிறது. அதை மீண்டும் அவர்கள் தோளிலேயே ஏற்றுவதா என்பதே இப்போது நம் முன் உள்ள கேள்வி.

இதற்கிடையில் 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. மேற்கூறிய அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன்னாயிற்று. எடையில் கூடியது நூற்றுக்குப் பதின்மூன்று. நான்காம் மடியில் கணக்கிட்டால் தேய்வு நூற்றுக்கு அறுபத்திரண்டு கூடும். சரக்கை முன்னிலும் குறைந்த நடையில் கொண்டுசெல்லலாம் என்பதால் இதில் ஒரு பகுதி ஈடாகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் அந்த உத்தரவு வந்த நாளில், சாலை மராமத்துக்கு எவ்வளவு கூடுதலாக ஒதுக்கப்போகிறீர்கள் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

பிற நாடுகள் செய்தவை

எடையையும் தூரத்தையும் கொண்டு வரி விதிப்பது புதிய எண்ணம் அன்று. இங்கிலாந்தில் 1753-இல் ஒரு சட்டம் செய்தார்கள். அகன்ற சக்கரம் பூட்டிய வண்டி சாலையை அமுக்கிச் சமன் செய்யும்; ஒடுங்கிய சக்கரம் கீறிப் பள்ளமாக்கும்; ஆகவே அகன்ற சக்கரத்துக்குச் சுங்கச் சலுகை என்றார்கள். மாட்டு வண்டிக் காலத்திலேயே எவ்வளவு கூர்மையாகச் சிந்தித்திருக்கிறார்கள், பாருங்கள்!

இக்காலத்தில் இத்துறையில் முன்னோடி நியூசிலாந்து. 1977-இல் இயற்றிய சட்டத்தின்படி டீசல் வண்டிகளும் கனரக வண்டிகளும் ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பணம் கட்டி உரிமம் வாங்குகின்றன. எடைக்கும் அச்சுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் மாறும். 2024 ஏப்ரல் 1 முதல் மின்கார்களையும் அத்திட்டத்தில் சேர்த்து, 1,000 கி.மீ.க்கு 76 நியூசிலாந்து டாலர் என்று வைத்தார்கள். ஐஸ்லாந்து 2024 ஜனவரி முதல் மின்கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 6 குரோனா விதித்தது. பெட்ரோல் வரியைத் தொடங்கிவைத்த ஆரகன், 2015-இல் விரும்பியவர் சேரலாம் என்ற முறையில் மைல் கணக்கு வரியையும் தொடங்கியது. பிரிட்டன் 2028 ஏப்ரல் முதல் மின்கார்களுக்கு மைலுக்கு 3 பென்னி என்று 2025 நவம்பரில் அறிவித்தது.

இவற்றுள் நமக்கு மிகவும் பாடமாவது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அங்கு 2021 ஜூலை முதல் மின்கார்களுக்குக் கிலோமீட்டருக்கு இரண்டரை சென்ட் வாங்கினார்கள். கார் உரிமையாளர் இருவர் வழக்குத் தொடுத்தனர். ‘இது உற்பத்தித் தீர்வை போன்றது, அந்த உரிமை மத்திய அரசுக்கே உண்டு, மாநிலத்துக்கு இல்லை’ என்று 2023 அக்டோபரில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அவ்வரியைத் தள்ளிவிட்டது.

நம் நாட்டில் நிலை நேர்மாறு. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டுங்கள். வண்டிகள் மீதான வரி மாநிலப் பட்டியலில் 57-ஆம் இனம். எந்திரத்தால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சாலைக்கு ஏற்ற வண்டி எதுவாயினும் அதில் அடங்கும். மின்சார நுகர்வு வரி 53-ஆம் இனம். சுங்கம் 59-ஆம் இனம். மூன்றும் மாநிலத்தின் கையில். பெட்ரோலின் மேல் தீர்வை விதிப்பதோ மத்தியப் பட்டியலில் உள்ளது. பெட்ரோல் குறையக் குறைய மத்திய அரசின் சாலை நிதி இளைக்கும். அதற்கு ஈடு செய்யும் உரிமை மாநிலங்களிடம் இருக்கும். மாநிலங்களின் நிதியுரிமை பற்றி மன்றங்களில் முழங்கும் நம் நண்பர்கள் இந்த மூன்று எண்களையும் குறித்துக்கொள்வது நலம். உரிமை கையில் இருந்தும் பயன்படுத்தாமல் இருந்தால் பிறகு டில்லியைக் குறைகூறிப் பயனில்லை.

அளப்பது எப்படி?

தூரத்துக்கு வரி என்றால் தூரத்தை யார் அளப்பது? வானத்தில் சுழலும் துணைக்கோள்களைக் கொண்டு ஒவ்வொரு வண்டியையும் பின்தொடர்வது ஒரு வழி. தேசியப் பெருஞ்சாலைகளில் துணைக்கோள் வழியாகச் சுங்கம் வாங்க 2024 செப்டம்பரில் விதிகளும் திருத்தப்பட்டன. இயற்பியல் மாணவன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டின் நுட்பம் என்னைக் கவர்கிறது. குடிமகன் என்ற முறையில் அச்சம் ஊட்டுகிறது. ஒருவர் எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்குப் போனார் என்பதை அரசாங்கம் அறிய வேண்டிய தேவை என்ன? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்த புட்டசாமி, கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

குழிக்குப் பணம் வசூலிக்க அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பார்த்து எழுதினால் போதும். எப்போது பார்ப்பது? பெட்ரோல் வண்டியாவது புகைச் சோதனைக்கு வரும். மின்வண்டிக்குப் புகையே இல்லையாதலால் அச்சோதனையும் இல்லை. எஞ்சி நிற்பது இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் நாள். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்பது சட்டம். அன்று மீட்டரைக் குறித்துக்கொள்ளலாம். மீட்டரைத் திருத்தி ஏமாற்றுவோர் இருப்பர். பழைய வண்டிச் சந்தையில் அக்கலை நன்கு வளர்ந்திருக்கிறது. சிறிய வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கே வேண்டா, எடைக்கேற்ப ஆண்டுக்கொரு தொகை போதும் என்று வைத்துவிட்டால் இந்தத் திருட்டுக்கும் இடமில்லாமற் போகும். லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் மட்டுமே தூரக் கணக்கு வேண்டியிருக்கும். அவை ஏற்கெனவே தகுதிச் சான்றுக்கு வந்துபோகின்றன.

லாரிக்கு வரி கூட்டினால் விலைவாசி ஏறும் என்று உடனே கூக்குரல் எழும். அதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். கோலார் தக்காளி மண்டியிலிருந்து 10 டன் தக்காளியுடன் சென்னைக்குப் போகும் லாரி ஏறத்தாழ 270 கி.மீ. ஓடும். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரி என்றால் 540 ரூபாய். பதினாயிரம் கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு ஐந்தரைக் காசுக்கும் குறைவு. மழை ஒரு நாள் பிந்தினால் தக்காளி விலை இருபது ரூபாய் ஏறுவதைப் பார்த்தவர்கள் ஐந்து காசுக்கு அஞ்ச வேண்டியதில்லை. திரும்பும்போது வெறும் வண்டியாக வந்தால் எடை குறைவு. அதற்கு வரியும் குறைவாக இருக்கலாம். நான்காம் மடி விதி அதற்கும் இடம் தருகிறது.

லைன் தெருவின் பங்கு

பெருஞ்சாலைகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. அவற்றுக்குச் சுங்கம் உண்டு. சாவடிக்கு மின்காரும் ஒன்று, டீசல் காரும் ஒன்று. பெங்களூர்–சென்னை அதிவேகச் சாலையின் கர்நாடகப் பகுதி, ஒசகோட்டையிலிருந்து எங்களுக்கு அருகே பேத்தமங்கலம் வரை, ஏறத்தாழ 71 கி.மீ., 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறந்தது. கண்ணாடி போன்ற சாலை. அதில் இருசக்கர வண்டிக்கு இடமில்லை. தங்கவயலில் பெரும்பாலோரிடம் இருப்பது இருசக்கர வண்டிதான். அதில் ஏறி இரயில் நிலையம் வரை போய், அங்கிருந்து இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் நாள்தோறும் குலுங்குவது அந்த மூன்று நான்கு கிலோமீட்டரில்.

அந்தத் தெருக்களைக் கெடுப்பது எது? லாரிகள் அங்கு மிகுதியாக வருவதில்லை. அங்கே பகைவன் தண்ணீர். வடிகால் அடைத்து மழைநீர் தேங்கினால் தாருக்கும் ஜல்லிக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். குழாய் போடத் தோண்டி மண்ணை மட்டும் தள்ளி மூடினால் அடுத்த மழையில் அங்கே பள்ளம். வண்டியே ஓடாவிட்டாலும் இத்தேய்வு நடக்கும். ஆகவே இதற்கு வண்டி வரியை நம்புவது பொருந்தாது. தெருவால் வீட்டுக்கு மதிப்பு. அதனால் வீட்டு வரியும், அது போதாத ஏழை நகரங்களுக்கு மாநில மானியமும் இதைத் தாங்க வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மேல்வரியைப் பங்கிட்டபோது கிராமச் சாலைக்குப் பங்கு வைத்தது, தேசியப் பெருஞ்சாலைக்கு வைத்தது, மாநிலச் சாலைக்கு வைத்தது, இரயில்வே கடவுப் பாலத்துக்கும் வைத்தது. நகரசபைத் தெருவுக்கென்று தனிப்பங்கு வைக்கவில்லை. சுரங்கக் கம்பெனி போனபின் நாங்கள் கிராமமும் அல்ல, பெருநகரமும் அல்ல. இனி எழுதப்படும் எந்தப் பங்கீட்டிலும் அந்த வரியைச் சேர்க்க வேண்டும்.

மின் நுகர்வு வரியில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. மின்வண்டிகளுக்கு மின்னேற்றும் பொது நிலையங்களில் தனி மீட்டர் வைத்திருக்கிறார்கள். அங்கு வசூலாகும் நூற்றுக்கு ஒன்பதை அந்த நிலையம் அமைந்த நகரசபைக்கே திருப்பிவிடலாம். தொகை இன்று சிறியது. ஆனால் பெட்ரோல் வரி ஆண்டுதோறும் இளைக்கும்போது இது ஆண்டுதோறும் வளரும். வீட்டில் மின்னேற்றுபவர்களிடம் வாங்க வழியில்லை. விளக்குக்கு எரிந்த யூனிட் எது, ஸ்கூட்டருக்கு ஏறிய யூனிட் எது என்று கம்பி பிரித்துச் சொல்லாது. போகட்டும், ஸ்கூட்டர் சாலைக்குச் செய்யும் தேய்வு எவ்வளவு என்பதை மேலே பார்த்தோம்.

மாமாவுக்கு இக்கணக்கு முழுவதையும் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னேன். எடைக்கேற்ற ஆண்டு வரி என்று வந்தால் ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். தேய்வை மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. தெருவிளக்கு, அடையாளப் பலகை, போக்குவரத்துக் காவல் இவற்றுக்கு எல்லா வண்டிகளும் ஒரு சிறு தொகை கொடுப்பது முறை, அதை ஐந்நூறு ரூபாய் என்று வைக்கலாம் என்றேன். ஐந்நூறு என்றால் கொடுக்கலாம் என்றார். லாரிச் சங்கத்தார் ஒப்புக்கொள்வார்களா என்று அடுத்துக் கேட்டார். அதற்கு இயற்பியலில் விடை இல்லை.